துக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பூனைப் புகலிடத்துக்குப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் அப்பாவோ அம்மாவோ தவறிய செய்தி அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு நள்ளிரவில் வந்து சேரும். டிக்கெட் கிடைத்துப் போய் இறங்குவதற்குள் எடுத்துவிட்டிருப்பார்கள். பலருக்குக் கடைசி முகம் கைப்பேசித் திரையில்தான். பதினாறாம் நாள் காரியத்தையும் திரையிலேயே பார்த்துவிட்டு, மறுநாள் காலை அலுவலகக் கூட்டத்தில் உட்கார வேண்டும். இப்படி அடைத்துப்போன துக்கத்தோடு இருப்பவர்களில் சிலர், மீட்கப்பட்ட சிங்கம், புலி போன்ற பெரும்பூனைகள் வாழும் புகலிடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் ஆறுதல் அடைகிறார்கள். அப்படிப் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இவை.

புகலிடம் என்றால் முதுமலை மாதிரிப் புலிகள் காப்பகமா?

இல்லை. முதுமலையும் களக்காடு முண்டந்துறையும் காடுகள். அங்கே புலி கண்ணில் படுவது அதிர்ஷ்டம். நாம் பேசுவது சர்க்கஸ், தனியார் கூண்டு, வீட்டுக் கொல்லை, நொடித்துப்போன தனியார் மிருகக்காட்சி போன்ற இடங்களிலிருந்து மீட்ட விலங்குகளைச் சாகும்வரை வைத்துப் பார்க்கும் இடங்கள். இவற்றைக் காட்டில் விட முடியாது. வேட்டையாடக் கற்றதில்லை, மனிதர்மேல் பயமும் இல்லை. பலவற்றுக்கு நகத்தையே பிடுங்கியிருப்பார்கள்.

புலியைப் பார்த்தால் துக்கம் எப்படி ஆறும்?

ஊரில் துக்க வீட்டில் என்ன நடக்கும்? பத்துப் பேர் வந்து திண்ணையிலும் கூடத்திலும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள், எதையும் கேட்கவும் மாட்டார்கள். அந்தச் சும்மா இருத்தல்தான் வெளிநாட்டில் கிடைப்பதில்லை. நண்பர்கள் வருவார்கள்; ஆனால் 'எப்படி இருக்கே?' என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டியிருக்கும். முந்நூறு அடி தள்ளிப் புல்லில் கிடக்கும் கிழட்டுச் சிங்கம் எதுவும் கேட்பதில்லை. அதே நேரம் அது வெறும் மரமோ மலையோ இல்லை. காதைத் திருப்பும், தலையைத் தூக்கும், எழுந்து நான்கடி நடந்து மறுபடி படுக்கும். நம் கண் தானாக அதன் பின்னால் போகிறது. இறந்தவரின் கடைசி மணிநேரத்தையே சுற்றிச் சுற்றி வரும் மனதுக்கு அந்தச் சில நிமிடங்கள் பெரிய இடைவெளி.

மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் சொன்ன கருத்து இங்கே உதவும். துக்கப்படுபவர் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், வாழ்க்கையின் பக்கம் கொஞ்ச நேரம் என்று போய்ப் போய் வருகிறார். அந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம் என்றார்கள். எந்நேரமும் அழுதுகொண்டே இருப்பதும் சிக்கல், அழுகையை முழுக்க மூடிவைப்பதும் சிக்கல். புகலிடத்தில் அரைநாள் இருந்தால் இரண்டு பக்கமும் இயல்பாக வந்து போகும். எங்கள் பார்வையில் இதன் பலனுக்கு முக்கியமான காரணம் இதுவே.

ஆனால் இது சிகிச்சை ஆகாது. மருத்துவரிடம் போக வேண்டியவர் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

இறந்து எத்தனை நாளில் போகலாம்? தீட்டு பார்க்க வேண்டுமா?

தீட்டு உங்கள் வீட்டு வழக்கம்; கோயிலுக்கு உள்ள தடை புலியைப் பார்க்கப் போவதற்கு இல்லை. ஆனாலும் முதல் இரண்டு மூன்று வாரம் வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. அந்த நாட்களில் தூக்கம் கெட்டிருக்கும், சாப்பாடு சரியிருக்காது. புகலிடங்கள் ஊருக்கு வெளியே இருப்பதால் ஒரு மணி நேரமாவது வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். கருமாதி முடிந்து, உறவினர்களின் தொலைபேசி அழைப்புகள் குறைந்து, வீடு திடீரென்று அமைதியாகும் அந்த ஐந்தாவது ஆறாவது வாரம் சரியான நேரம்.

நல்ல புகலிடம் எது, ஏமாற்று எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதில் தவறினால் ஆறுதல் தேடிப் போய்க் குற்ற உணர்ச்சியோடு திரும்புவீர்கள். உண்மையான புகலிடம் இனப்பெருக்கம் செய்யாது, விலங்கை வாங்காது விற்காது, வித்தை காட்டாது, பார்வையாளரைத் தொட விடாது. இந்த நான்கில் ஒன்று பிசகினாலும் வேறிடம் பாருங்கள். புலிக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று யார் விளம்பரம் செய்தாலும் ஒதுக்குங்கள். குட்டி சில மாதங்களில் வளர்ந்து படத்துக்கு உதவாமல் போகும், உடனே அடுத்த குட்டி வேண்டியிருக்கும். இன்று புகலிடங்களில் இருக்கும் புலிகளில் பல அந்த வியாபாரத்தின் மிச்சம். அமெரிக்காவில் 2022 டிசம்பர் 20 அன்று கையெழுத்தான பெரும்பூனைப் பொதுப் பாதுகாப்புச் சட்டம் இப்படித் தொடவிடுவதையும், தனிநபர் புதிதாகப் பெரும்பூனை வைத்துக்கொள்வதையும் தடை செய்தது.

வெள்ளைப்புலி இருப்பது மட்டும் குற்றமில்லை, மீட்கப்பட்டதாக இருக்கலாம். ஆனால் வெள்ளைப்புலியைப் 'பாதுகாக்க' இனப்பெருக்கம் செய்கிறோம் என்று சொல்லும் இடம் நல்ல இடமில்லை. 1951இல் ரேவா அருகே பிடிபட்ட மோகன் என்ற ஆண்புலியின் வழியில், நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்து பெருக்கிய வம்சம் அது. மாறுகண் அந்த வெள்ளை நிற மரபணுவோடு ஒட்டி வருவது; வேறு பிறவிக் குறைகள் பல அந்த உறவுக் கலப்பால் வந்தவை.

உலகப் புகலிடக் கூட்டமைப்பான ஜிஎஃப்ஏஎஸ்-இன் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

எந்த இடம் எனக்குப் பொருந்தும்?

தனிமை வேண்டுமென்றால் கொலராடோ. டென்வருக்கு வடகிழக்கே கீன்ஸ்பர்க் அருகில் உள்ள வைல்ட் அனிமல் சாங்க்சுவரியை பேட் க்ரெய்க் 1980இல் தொடங்கினார். சுமார் 790 ஏக்கர். விலங்குகளின் வெளிகளுக்கு மேலே ஒன்றரை மைல் நீள நடைபாலம் போகிறது. தலைக்கு மேலே உயரத்தில் நடப்பவர்களை விலங்குகள் தம் எல்லைக்குள் நுழைந்தவர்களாகக் கருதுவதில்லை என்பதால் இப்படிக் கட்டினார்கள். வழிகாட்டி கிடையாது, ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பொலிவியா 2009இல் சர்க்கஸ் விலங்குகளைத் தடைசெய்த பிறகு அங்கிருந்து 2011இல் 25 சிங்கங்கள் இங்கே வந்தன. குறை என்னவென்றால் நிழல் மிகக் குறைவு, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், விலங்குகள் தூரத்தில் இருக்கும்.

கூட யாராவது பேசிக்கொண்டு வந்தால் தேவலை என்பவர்களுக்கு வட கரோலினாவின் பிட்ஸ்பரோ அருகே உள்ள கரோலினா டைகர் ரெஸ்க்யூ. ராலே, கேரி பக்கம் இருக்கும் தமிழர்கள் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். முன்பதிவு செய்து வழிகாட்டியோடுதான் போக முடியும். ஒவ்வொரு விலங்கின் பெயரும் கதையும் சொல்லுவார்கள். அந்தக் கதைகளில் கொடுமை இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

டாலஸ் பக்கம் இருப்பவர்களுக்கு வைலியில் இன்-சிங்க் எக்ஸாடிக்ஸ் இருக்கிறது. ஆர்க்கன்சாவின் யுரேகா ஸ்பிரிங்ஸ் அருகில் 1992 முதல் டர்பென்டைன் க்ரீக் நடக்கிறது; வார இறுதியில் தங்கிவிட்டு வர ஏற்ற இடம். நேரமும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்பும் முன் அவரவர் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளை எப்படி அமைத்துக்கொள்வது?

வார நாளில் போங்கள். சனி ஞாயிறில் பிறந்தநாள் கொண்டாட்டங்களும் பள்ளிக் குழந்தைகளும் நிறைந்திருப்பார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு அந்தச் சத்தமே பாதி சக்தியை உறிஞ்சிவிடும். கோடையில் திறந்தவுடன் நுழையுங்கள், அல்லது மூடுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால். குளிர்காலத்தில் நடுப்பகலும் பரவாயில்லை, புலிகள் குளிரில் உற்சாகமாக இருக்கும்.

கையில் ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, கைக்குட்டை இரண்டு, தயிர்சாதமோ இட்லியோ கொஞ்சம். சாப்பாடு எங்கே அனுமதி என்று கேட்டுக்கொண்டு அங்கேயே சாப்பிடுங்கள். தொலைநோக்கி எடுத்துப்போகிறவர்கள் எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 வாங்குங்கள். பத்து மடங்குக்கு மேல் பெரிதாக்கும் கண்ணாடி கை நடுக்கத்தையும் பெரிதாக்கும். அழுது ஓய்ந்த கை கொஞ்சம் நடுங்கவே செய்யும்.

முதல் முறை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், அவசரமாக எதையும் தேட வேண்டாம். இரண்டாம் முறையிலிருந்து ஒரே ஒரு விலங்கைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள் களைத்துப்போய், ஒன்றும் ஆகவில்லையே என்று திரும்புவதைத்தான் அதிகம் காண்கிறோம். நீங்கள் தேர்ந்த விலங்கின் எதிரே இருபது நிமிடம் கைப்பேசியை அணைத்துவிட்டு உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் மனம் அலையும். பத்தாவது நிமிடத்துக்கு மேல் அதன் விலா மூச்சோடு ஏறி இறங்குவது கண்ணில் படத் தொடங்கும். அதை எண்ணிக்கொண்டிருந்தால் போதும்.

கிளம்பும் முன் வண்டியில் உட்கார்ந்து நான்கு வரி எழுதுங்கள்: அது என்ன செய்தது, வானம் எப்படி இருந்தது, இறந்தவரைப் பற்றி எது நினைவுக்கு வந்தது, நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று ஆறு தடவை போன பிறகு அந்த ஏட்டைப் புரட்டுங்கள். தொடரலாமா என்று அதுவே சொல்லிவிடும்.

போனேன்; எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. பணம் வீணா?

சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை படுத்தே கிடக்கும். நடுப்பகலில் அதை எழுப்ப யாராலும் ஆகாது. கைதட்டுவது, சீட்டி அடிப்பது, வேலியைத் தட்டுவது எல்லாம் தடை. அந்தி சாயும் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். சிங்கம் கர்ஜிப்பது பெரும்பாலும் அப்போதும் விடியற்காலையிலும்தான். ஒன்று தொடங்கினால் மற்றவை சேர்ந்துகொள்ளும், எட்டுக் கிலோமீட்டர்வரை கேட்கும். அருகில் நிற்பவருக்கு அது காதில் மட்டுமல்ல, நெஞ்செலும்பிலும் அதிரும். அடைபட்டிருந்த அழுகை பலருக்கு உடைவது அந்த இடத்தில்தான்.

அங்கே அழுதால் என்ன நினைப்பார்கள்?

தாராளமாக அழுங்கள். வழிகாட்டியிடம் முன்பே 'சமீபத்தில் வீட்டில் ஒருவர் இறந்தார்' என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள், குழுவின் கடைசியில் நிற்க விடுவார்கள். ஒன்று மட்டும்: வேலியருகே தரையில் குந்தியோ முதுகைத் திருப்பியோ அழ வேண்டாம். குனிந்த உருவமும் திரும்பிய முதுகும் பெரும்பூனைக்கு இரையின் அடையாளம். பதுங்கிப் பாயத் தயாராகும். வேலி தாங்கும், ஆனால் உங்கள் மனம் அந்த நேரத்தில் அதைத் தாங்காது. அழுத பிறகு அரைமணி நேரமாவது கழித்து வண்டியை எடுங்கள்.

புலி இருக்கும் இடத்தில் சாத வாசனை வந்தது. பிரமையா?

பிரமை இல்லை. புலி எல்லை குறிக்கப் பீய்ச்சும் நீரில் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற பொருள் உண்டு. பாசுமதி அரிசிக்கும் ரம்பை இலைக்கும் மணம் தருவது அதே பொருள். புலியின் நீரில் அது இருப்பதை ஆராய்ந்து சொன்னவர்களில் முக்கியமானவர் ரத்தன் லால் பிரம்மச்சாரி என்ற இந்திய விஞ்ஞானி. அம்மாவை இழந்தவருக்குக் கொலராடோவின் வெட்டவெளியில் திடீரென்று அடுக்களை வாசனை வருவது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முன்கூட்டித் தெரிந்திருந்தால் நிலைகுலைய மாட்டீர்கள். இன்னொன்று, புலி வாலைத் தூக்கிப் பின்பக்கத்தை உங்கள் பக்கம் திருப்பினால் சட்டென்று விலகுங்கள். பல அடி தூரம் தெறிக்கும்.

நாங்கள் சைவம். தீனி போடுவதைப் பார்க்க வேண்டியிருக்குமா?

தீனி நேரத்தை விசாரித்து அதைத் தவிர்த்துவிடுங்கள். விபத்திலோ அறுவை சிகிச்சையிலோ உறவினரை இழந்தவர்களும் முதல் சில தடவை தவிர்ப்பது நல்லது. பச்சை மாமிசமும் எலும்பு நொறுங்கும் சத்தமும் எதை எப்போது கிளறும் என்று சொல்ல முடியாது.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

ஆறு வயதுக்கு மேல் என்றால் நல்லது. ஆனால் கிளம்புவதற்கு முன் ஒன்றைச் சரிசெய்யுங்கள். 'தாத்தா தூங்கிட்டார்', 'சாமிகிட்ட போயிருக்கார், வருவார்' என்று சொல்லி வைத்திருந்தால், அசையாமல் கிடக்கும் சிங்கத்தைக் காட்டி 'இதுவும் தாத்தா மாதிரியா?' என்று குழந்தை கேட்கும். சிங்கம் எழுந்துகொண்டால் குழப்பம் இன்னும் கூடும். தாத்தா ஏன் எழுந்திருக்கவில்லை? 'தாத்தா செத்துப்போயிட்டார். உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. திரும்பி வர மாட்டார். அதனாலதான் நமக்கு அழுகை வருது' என்று நேராகச் சொல்லுங்கள். கேட்கக் கடினமாக இருந்தாலும் குழந்தைக்கு அதுதான் பிடிமானம்.

அப்பா இறந்தபின் அம்மாவை இங்கே அழைத்து வந்திருக்கிறோம். நாள் முழுக்க அறையிலேயே இருக்கிறார்.

புலி பார்க்கப் போகலாம் என்றால் 'எனக்கு எதுக்குடா அதெல்லாம்' என்பார். 'வண்டில ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்மா, எனக்கும் வீட்ல இருக்க முடியல' என்று உங்களுக்காகக் கேளுங்கள், வருவார். கொலராடோ பாலத்தில் சக்கர நாற்காலி போகும். முழங்கால் வலி உள்ளவருக்குக் கூழாங்கல் பாதை சிரமம் என்பதால் வழிகாட்டியோடு நடக்கும் இடங்களில் முன்பே தூரத்தைக் கேட்டுவிடுங்கள். வழிகாட்டி சொல்லும் கதையை ஒவ்வொரு வரியாக மொழிபெயர்க்க வேண்டாம். 'இதைச் சின்னக் கூண்டுல பத்து வருஷம் வச்சிருந்தாங்களாம்மா' என்று ஒரே வாக்கியம் போதும். மீதியை அவர் பேசுவார். விலங்கிடம் பேசுவது போலப் பேசினாலும், தாழ்ந்த குரலில் ஒப்பாரி போல இழுத்தாலும் தடுக்காதீர்கள்.

நினைவாக ஏதாவது செய்ய முடியுமா?

அஸ்தி கரைப்பது, கற்பூரம் ஏற்றுவது, பூ வைப்பது, பலூன் விடுவது எதுவும் கூடாது. லில்லிப் பூ வீட்டுப் பூனையின் சிறுநீரகத்தையே அழிக்கும். திதி நாளில் ஒரு விலங்கின் தீனிச் செலவை ஏற்பது, ஓராண்டுக்கு இறந்தவர் பெயரில் ஒன்றைத் தத்தெடுப்பது போன்ற திட்டங்கள் பல இடங்களில் உண்டு. அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய மனதுக்கு அது பொருந்திப் போகும்.

அதைவிட நெருக்கமான வழி ஒன்று உண்டு. பராமரிப்பாளர்கள் விலங்குகளின் சலிப்பைப் போக்க வாசனைகளைப் பயன்படுத்துவார்கள். பட்டை, ஜாதிக்காய், கிராம்பு, மனிதர்களின் சென்ட் எல்லாம் அட்டைப் பெட்டியிலோ மரக்கட்டையிலோ தடவி வைப்பார்கள். நியூயார்க்கின் ப்ராங்ஸ் உயிரியல் பூங்காவில் 2003இல் சிவிங்கிப்புலிகளிடம் 24 வாசனைகளைச் சோதித்தபோது, கால்வின் க்ளைன் நிறுவனத்தின் அப்செஷன் சென்டைத்தான் அவை அதிக நேரம் முகர்ந்தன. அப்பா பாதி விட்டுப்போன சென்ட் புட்டியைத் தூக்கிப்போட மனம் வராமல் அலமாரியில் வைத்திருக்கிறீர்களா? பாதி காலியான புட்டியைக்கூட வாங்கிக்கொள்ளும் புகலிடங்கள் உண்டு. முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள். மூடியை இறுக்கி, இரட்டைப் பையில் போட்டு நேரில் கொடுங்கள். எந்த விலங்குக்கு, எப்போது வைப்பார்கள் என்று விசாரியுங்கள். அந்த வாசனை பட்ட கட்டையில் புலி கன்னத்தைத் தேய்த்துப் புரள்வதைப் பார்க்க நேர்ந்தால் பாக்கியம். எல்லாப் புட்டியையும் கொடுத்துவிடாதீர்கள், ஒன்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டராகச் சேரலாமா?

ஆறு மாதம் போகட்டும். வேலை என்பது சாணி அள்ளுவது, தண்ணீர்த் தொட்டி தேய்ப்பது, மாமிசம் வெட்டுவது. கதவுப் பூட்டை இருமுறை சரிபார்க்கும் கவனம் வேண்டும், தூக்கமில்லாத துக்கத்தில் அது தவறும்.

சென்னையில் இருப்பவர்கள் என்ன செய்வது?

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 1985இல் திறந்தது, இப்போது 602 ஹெக்டேர்; செவ்வாய் விடுமுறை. அது புகலிடமல்ல, பூங்காதான். சர்க்கஸிலிருந்து மீட்ட சிங்கம் புலிகளுக்கு மறுவாழ்வு மையம் அங்கே தனியாக இருந்தாலும், பொதுமக்கள் பார்வைக்கு அல்ல. புதன் அல்லது வியாழன் காலை ஒன்பது மணிக்கு நுழைந்து ஒரே அடைப்பின் எதிரே உட்கார்ந்தால், மேலே சொன்ன முறை அப்படியே பொருந்தும்.

போய்ப் போய் வந்தும் மாறவில்லை என்றால்?

ஓராண்டு கடந்தும் நாள்தோறும் ஏக்கம் தணியாமல், வேலையும் சாப்பாடும் உறவும் நின்றுபோயிருந்தால் அதை நீடித்த துக்க நோய் என்று மருத்துவ உலகம் 2022 முதல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டிலேயே சேர்த்திருக்கிறது. அதற்கென்று தனிச் சிகிச்சை உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ காத்திருக்காதீர்கள், அன்றே அழையுங்கள். அமெரிக்காவில் 988, இந்தியாவில் டெலி மனஸ் 14416, தமிழ்நாட்டில் 104.

நான் பார்த்துவந்த புலி இறந்துவிட்டால்?

இறக்கும். மீட்டுக் கொண்டுவரும்போதே பல விலங்குகளுக்கு வயதாகியிருக்கும். பதினெட்டு, இருபது வயதைத் தாண்டும் புலி அரிது, முதுமையில் சிறுநீரகமும் மூட்டும் போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் புகலிடத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். காலி அடைப்பின் முன்னால் நின்று தெரிந்துகொள்வதைவிட வீட்டில் படித்துத் தெரிந்துகொள்வது மேல். இறந்திருந்தால் அந்த வாரம் தனியாகப் போகாதீர்கள், ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். பராமரிப்பாளர்களும் அழுதுகொண்டிருப்பார்கள். கடைசி நாட்களில் அது சாப்பிட்டதா, வெயிலில் படுத்ததா என்று கேட்டால் நின்று சொல்வார்கள். வேறொன்றை அன்றே தேர்ந்துகொள்ள வேண்டாம்.